ஃபூ பாவோவைப் பார்க்க ஐந்தே நிமிடம்



2020 ஜூலை 20. தென்கொரியாவின் யோங்கின் நகரிலுள்ள எவர்லேண்ட் பூங்காவில் ஒரு பாண்டா குட்டி பிறந்தது. எடை 197 கிராம்தான். இயற்கையான இனச்சேர்க்கையில் அந்த நாட்டில் பிறந்த முதல் பாண்டா அது. பெயர் ஃபூ பாவோ. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மக்கள், அது தவழ்வதையும் மூங்கில் கடிப்பதையும் வீடியோவில் பார்த்துப் பார்த்தே அதைச் செல்லப்பிள்ளை ஆக்கிக்கொண்டார்கள்.

ஆனால், பிற நாடுகளுக்குப் பாண்டாக்களைச் சீனா இரவலாகத்தான் தருகிறது. அங்கே பிறக்கும் குட்டிகளும் சீனாவுக்கே சொந்தம். ஒப்பந்தப்படி, நான்கு வயது நிறைவதற்குள் ஃபூ பாவோ கிளம்பியாக வேண்டும்.

பொதுமக்கள் பார்க்கக் கடைசி நாள், 2024 மார்ச் 3. மணிக்கணக்கில் வரிசையில் காத்துநின்றவர்கள், கண்ணாடிக்கு அப்பால் ஃபூ பாவோ மூங்கில் தின்பதை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நகர வேண்டியிருந்தது. அடுத்த ஒரு மாதம் தனிமைப்படுத்தல்.

ஏப்ரல் 3 அன்று, மழையில் நனைந்தபடி ஆயிரக்கணக்கானோர் வழியனுப்பினார்கள். முந்தைய நாள்தான் தாயைப் பறிகொடுத்திருந்த பராமரிப்பாளர், ஃபூ பாவோவைத் தனியே விடாமல் அதே விமானத்தில் சீனா வரை உடன் போனார்.

ஃபூ பாவோவின் புது வீடு, சிச்சுவான் மாகாணத்து வோலோங் காப்பகம். 2023இல் பிறந்த அதன் இரட்டைத் தங்கைகள் ருயி பாவோ, ஹுய் பாவோ ஆகியவற்றுக்கும் இதே விதிதான்!