வாந்தியைப் பொறுக்க வேண்டியதில்லை

புற்றுநோய்க்கான கீமோ என்றால் வாந்தி வரத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். வீட்டாரும் அப்படியே தேற்றுகிறார்கள். வாந்தி எடுத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால், தடுப்பு மருந்து தராவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். கீமோ மருந்து குடலின் உட்சுவர் செல்களைத் தாக்குகிறது. அவை செரடோனின் என்ற ரசாயனத்தை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியாக மூளையைத் தூண்டிவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த ஆன்டன்செட்ரான் என்ற மருந்து இந்தத் தூண்டலைத்தான் மறிக்கிறது. அதனால்தான் கீமோ தொடங்கும் முன்பே அதைக் கொடுக்கிறார்கள். வந்த வாந்தியை நிறுத்துவதைவிட வராமல் தடுப்பது சுலபம்.

முதல் நாள் நன்றாகப் போய்விடும். வீட்டுக்கு வந்தபின் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் பலருக்குக் குமட்டல் உச்சத்துக்குப் போகிறது. அப்போது முக்கியமாக வேலை செய்வது ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேறொரு ரசாயனம். அதைத் தடுக்க அப்ரெபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. கூடவே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் தருவார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், சர்க்கரை நோயாளிகள் இந்த நாட்களில் சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும். ‘இப்போதுதான் ஒன்றும் இல்லையே’ என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள்.

ஒலான்சபின் மருந்துச் சீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். மனநோய்க்குத் தரும் மருந்துதான். குமட்டலுக்கு அருமையாகக் கேட்கிறது. தூக்கம்தான் தொல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வில் வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே போதும், தூக்கக் கலக்கமும் குறைவு என்று தெரிந்தது. 2024-இல் வெளியான இந்த முடிவு ஏழை நோயாளிகளுக்குப் பெரிய வரம். மாத்திரையின் விலையும் குறைவு.

தாளிப்பு வாசனை ஆகாதவர்களுக்கு ஆறிய உணவே ஒத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் தயிர்சாதமோ கஞ்சியோ கொடுக்கலாம். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் நோயாளியை வீட்டில் வைத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கர்ப்பகாலத்தில் மசக்கை கடுமையாக இருந்ததா, பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதா? முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த நாளில் எத்தனை முறை வாந்தி வந்தது என்று குறித்துவைத்து அடுத்த முறை காட்டுங்கள். அதைப் பார்த்து அவரால் மருந்தை மாற்றித் தர முடியும்.