எந்திரப் பட்டறைக் காப்பீட்டில் கழிவுத் தொகையும் காப்பு வரம்பும்

எந்திரப் பட்டறைக்குக் காப்பீடு எடுக்கும் உரிமையாளர் இரண்டு தொகைகளை முடிவு செய்ய வேண்டும். இழப்பு நேரும்போது அதில் முதல் பகுதியாக அவரே ஏற்கும் தொகை கழிவுத் தொகை எனப்படும். நடைமுறையில் இது டிடக்டிபிள் என்றும் எக்ஸஸ் என்றும் அழைக்கப்படுகிறது. காப்பீட்டு நிறுவனம் அதிகபட்சமாக வழங்கும் தொகை காப்பு வரம்பு ஆகும். கட்டடம், எந்திரம், சரக்கு ஆகியவற்றுக்கு இது காப்பீட்டுத் தொகை என்று பாலிசியில் குறிக்கப்படும்.

கழிவுத் தொகையை உயர்த்தினாலும் காப்பீட்டுத் தொகையைக் குறைத்தாலும் பிரீமியம் குறையும். ஆனால் இரண்டின் விளைவும் ஒன்றல்ல. முன்னதில் ஒரு விபத்தில் கூடுதலாக எவ்வளவு ஏற்க நேரிடும் என்பது முன்பே தெரியும். பின்னதில் இழப்பு பெருகப் பெருக உரிமையாளரின் சுமையும் பெருகும்.

பாலிசி வகைகள்

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், ஓரிடத்திலுள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கு 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' பாலிசியும், 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ளவற்றுக்கு 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' பாலிசியும் நடைமுறையில் உள்ளன. இவை தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானவை. சி.என்.சி. எந்திரத்தின் ஸ்பிண்டில் உடைவது, மோட்டார் எரிவது போன்ற உட்கோளாறுகளுக்கு எந்திரப் பழுதுக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதற்கென்று தனிக் கழிவுத் தொகை உண்டு.

காப்பீட்டுத் தொகையை நிர்ணயித்தல்

கணக்கேட்டில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பையோ, வங்கிக் கடன் பாக்கியையோ காப்பீட்டுத் தொகையாகக் கொள்வது பரவலான தவறு. எந்திரப் பழுதுக் காப்பீட்டில், அதே வகைப் புதிய எந்திரத்தின் இன்றைய விலையுடன் சரக்குக் கட்டணம், சுங்க வரி, நிறுவும் செலவு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பழைய எந்திரத்தை 8 லட்சத்துக்கு வாங்கியிருந்தாலும், புதியது 25 லட்சம் என்றால் 25 லட்சமே அடிப்படை. ஜாப் ஒர்க்குக்காக வாடிக்கையாளர் கொடுத்த பொருள்கள் பட்டறையில் இருந்தால், அவற்றையும் பாலிசியில் தனியே குறிப்பிட வேண்டும்.

குறைத்துக் காப்பீடு செய்தால் சராசரி விதி பொருந்தும். எடுத்துக்காட்டாக, 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள எந்திரங்கள் 40 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்யப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். தீ விபத்தில் 10 லட்சம் இழப்பு நேர்கிறது. இழப்பு 40 லட்சத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும், மதிப்பில் பாதிக்கே காப்பீடு உள்ளதால் கணக்கிடப்படும் தொகை 5 லட்சம். கழிவுத் தொகை அதிலிருந்தும் கழிக்கப்படும். மேற்கண்ட இரு பாரத் பாலிசிகளிலும் 15 விழுக்காடு வரையிலான குறைவு பொருட்படுத்தப்படாது. ஆனால் இங்கு குறைவு 50 விழுக்காடு என்பதால் அச்சலுகை உதவாது.

ஒரே நிகழ்வில் எல்லா எந்திரங்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் கருத வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் இயங்கும் பட்டறைக்கு அத்தகைய வெள்ளத்தில் ஓர் எந்திரம் மட்டும் தப்பும் என்று எண்ண இடமில்லை.

கழிவுத் தொகையைத் தேர்ந்தெடுத்தல்

இதற்கு இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, கையிருப்பு. கூலி, வாடகை, எந்திரக் கடன் தவணை ஆகியவற்றைத் தடையின்றிச் செலுத்தியபின், ஒரு வாரத்துக்குள் எவ்வளவு பணம் புரட்ட முடியுமோ அதற்கு மேல் கழிவுத் தொகை போகக் கூடாது.

இரண்டாவது, மிச்சக் கணக்கு. கழிவுத் தொகையை 10,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக உயர்த்தினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிரீமியம் குறைகிறது என்று கொள்வோம். கூடுதல் சுமை 40,000 ரூபாய். அதை 6,000 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆண்டுகள். அத்தகைய இழப்பு 7 ஆண்டுகளுக்கு ஒருமுறையை விட அரிதாக நேரும் பட்டறைக்கு இம்மாற்றம் ஆதாயம். அடிக்கடி நேர்ந்தால் நட்டம். கடந்த ஆண்டுகளின் பழுதுபார்ப்பு ரசீதுகள் இதற்கு நல்ல சான்று. உற்பத்தி நின்றதால் ஏற்படும் வருமான இழப்புக்கான காப்பீட்டில் கழிவு ரூபாயில் அல்லாமல் நாள்களில் குறிக்கப்படுவதும் உண்டு.

பொறுப்புக் காப்பீட்டின் வரம்பு

பட்டறை விபத்தால் வெளியாருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு பயன்படுகிறது. இதில் ஒரு விபத்துக்கு ஒரு வரம்பும், ஓர் ஆண்டு முழுமைக்கும் மற்றொரு வரம்பும் இருக்கும். சொத்துக்கு இருப்பதுபோல் இதற்குச் சந்தை விலை இல்லை. எனவே அண்டை வீடுகள், பக்கத்துப் பட்டறைகள், வந்து போவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே வரம்பு மதிப்பிடப்படுகிறது.

மறுஆய்வு

புதிய எந்திரம் வாங்கும்போதும், இறக்குமதி எந்திரங்களின் விலை நாணய மாற்றால் உயரும்போதும் காப்பீட்டுத் தொகை பின்தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்னும் விற்பனையாளரிடம் புதிய விலைப்புள்ளி பெற்று, எந்திரப் பட்டியலைத் திருத்திக் கொடுப்பது முறையாகும்.