கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். சரி பார்ப்பது யார்?

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் மதில் சுவரால் ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். ராஜகிரியின் உயரம் மட்டும் சுமார் 800 அடி! கீழே கல்யாண மகால் இருக்கிறது. அதன் மேல் மாடிகளுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் ‘யுனெஸ்கோ’ நிறுவனம் இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இதைக் கட்டியவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால், கல்லின் பாரமும் தண்ணீரின் போக்கும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

இன்று செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளும் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். பக்கத்து ஊர்களான திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்க 2021-ம் ஆண்டில் சட்டம் வந்தது. ஏர் பிடித்த வீட்டிலிருந்து முதல் என்ஜினீயர் வருகிறார். மகிழ்ச்சிதான்!

ஆனால், பட்டம் வாங்கியதும் வேலை கிடைத்துவிடுமா? “இந்தக் கம்ப்யூட்டர் வேலை தெரியுமா?” என்றல்லவா முதலில் கேட்கிறார்கள்!

“நான் சிவில், எனக்கு எதற்கு?”

பல மாணவர்கள் இப்படி நினைக்கிறார்கள். இது தவறு.

முன்பு வீட்டுப் பிளானைப் பெரிய பலகையில் காகிதம் ஒட்டி, பென்சிலால் வரைவார்கள். 1982-ம் ஆண்டில் ‘ஆட்டோகேட்’ வந்தது. பலகை மூலைக்குப் போய்விட்டது. சங்கிலி பிடித்து நிலம் அளந்த இடத்தில் இன்று மின்னணுக் கருவி அளக்கிறது. லேத் பட்டறையிலும் கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடையும் எந்திரங்கள் வந்துவிட்டன.

அதனால்தான் அண்ணா பல்கலைக்கழகம் தனது 2017-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், ‘பைத்தான்’ என்ற கம்ப்யூட்டர் மொழியை எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் ஆண்டிலேயே வைத்தது. 2022-ம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், தொழிற்பயிற்சியைக் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தது.

3 டன்னா, 35 டன்னா?

அப்படியானால் கம்ப்யூட்டரை மட்டும் கற்றால் போதுமா? போதாது!

ஓர் உதாரணம் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், 5 அங்குல கனத்தில் ஒரு கான்கிரீட் தளம் போடுகிறோம். அதன் எடை ஏறக்குறைய 3 டன். கனத்தை ‘5 அங்குலம்’ என்பதற்குப் பதில் ‘5 அடி’ என்று தட்டிவிட்டால்? கம்ப்யூட்டர் சற்றும் தயங்காமல் 35 டன் என்று சொல்லிவிடும்! “இது இருக்க முடியாதே!” என்று சொல்ல வேண்டியவர் என்ஜினீயர்.

பெரிய விஞ்ஞானிகளும் இதில் தவறியிருக்கிறார்கள். 1999-ம் ஆண்டு, அமெரிக்காவின் ‘நாசா’ அனுப்பிய விண்கலம் செவ்வாய்க் கிரகத்தின் அருகே போய் அழிந்தது. காரணம் என்ன தெரியுமா? விசையை ஒரு குழு ‘பவுண்டு’ கணக்கில் கொடுத்தது. மற்றொரு குழு அதை ‘நியூட்டன்’ என்று எடுத்துக்கொண்டது. அளவு மாறியது, விண்கலம் போயிற்று!

என்ன செய்யலாம்?

முதலில் காகிதத்தில் உத்தேசமாகக் கணக்குப் போடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் போடுங்கள். இரண்டும் வெகு தூரம் விலகினால், எங்கே தவறு என்று தேடுங்கள்.

பழகுவதற்குப் பணம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். பைத்தான் மொழி யாருக்கும் இலவசம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை ‘என்.பி.டெல்’ மூலம் செலவில்லாமல் கேட்கலாம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

2022-ம் ஆண்டு நவம்பரில் ‘சாட் ஜி.பி.டி.’ வந்தது. கேட்டதற்கெல்லாம் அது பதில் சொல்கிறது. தவறான பதிலையும் சரியானதைப் போலவே சொல்கிறது! அதனிடம் கேளுங்கள். ஆனால், அது எழுதித் தந்ததை அப்படியே நோட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். அதனால் மார்க்கு வரலாம், அறிவு வராது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாலே படிப்பதாக நினைத்துவிட வேண்டாம். “இன்று என்ன செய்தாய்? எனக்குப் புரியும்படி சொல்” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி பிள்ளை சொல்லிவிட்டால், பாடம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தம்பிகளே, தங்கைகளே! அடுத்த முறை ராஜகிரி மீது ஏறும்போது, அந்த மதிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லைத் தூக்க இன்று எந்திரம் இருக்கிறது. கணக்குப் போடவும் எந்திரம் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி நாளை ஒரு குடும்பம் வீட்டுக்குள் படுத்து உறங்கும். அதற்குப் பொறுப்பு எந்திரம் அல்ல; நீங்கள்தான்!