பத்து சாக்சபோன் சேர்ந்தால் பத்து மடங்கு சத்தமா?

ஜாஸ் இசைக்குழுவில் வழக்கமாக ஐந்து சாக்சபோன்கள் இருக்கும்: ஆல்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாரிடோன் ஒன்று. சில இசைத்தட்டுகளில் இந்த வரிசையை இன்னும் பெருக்கி, குழுவையே அதைச் சுற்றி அமைக்கிறார்கள். சத்தத்துக்காக என்று நினைத்தால் கணக்கு இடிக்கிறது. பத்துப் பேர் ஊதினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். ஆனால் டெசிபலில் கூடுவது 10 மட்டுமே. காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் கேட்கும். உண்மையான லாபம் ஒலியின் அடர்த்தியில் இருக்கிறது. இருவர் ஒரே சுரத்தைப் பிடித்தாலும் இம்மியளவு பிசகும். ஒருவர் 440 ஹெர்ட்ஸ், மற்றவர் 442 என்றால் விநாடிக்கு இரண்டு விம்மல்கள் எழும். பலர் சேரும்போது விம்மல்கள் தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று பின்னி, சுரத்துக்குச் சதைப்பிடிப்பு தருகின்றன.

இந்த ஒலி நமக்கு அந்நியம் என்பதை நான் ஏற்கவில்லை. தென்காசி வட்டாரக் கோயில் கொடைகளில், நையாண்டி மேளத்தில் இரண்டு நாதஸ்வரங்கள் இணைந்து முழங்குவது வழக்கம். அந்த ஜோடியின் ஒலி ஒற்றை நாதஸ்வரத்தின் ஒலி அல்ல. உறவு குழாயின் வடிவத்திலும் இருக்கிறது. 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்சபோன் பித்தளை, நம் நாதஸ்வரம் ஆச்சா மரம். ஆனாலும் இரண்டும் சீவாளிப் பக்கம் குறுகி, அடிப்பக்கம் விரியும் கூம்புகள். கூம்புக் குழாயில் மூச்சின் அழுத்தத்தைக் கூட்டினால் சுரம் அப்படியே மேல் ஸ்தாயிக்குத் தாவும். நேர்குழாயான கிளாரினெட்டில் அதிர்வெண் மூன்று மடங்குக்கு எகிறிவிடும். கூம்பில் மேற்சுரங்களும் வலுவாக எழுகின்றன. இதன் பயனைக் குற்றாலத்தை வைத்துப் பார்க்கலாம்: அங்கே குற்றாலநாதர் கோயில் பேரருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அருவியின் இரைச்சலில் ஆற்றல் எல்லா அதிர்வெண்களிலும் சிதறிக் கிடக்கும். நாதஸ்வரமோ தன் ஆற்றலைச் சில மேற்சுரங்களில் குவிக்கிறது. அவற்றில் பல, காது மிகக் கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் விழுகின்றன. திறந்தவெளிக்கு ஏற்ற வாத்தியம் என்று நாதஸ்வரத்தைப் பெரியவர்கள் சொன்னதற்கு இயற்பியலும் சாட்சி.

சாவி வைத்த வாத்தியத்தில் கமகம் வராது என்ற ஆட்சேபம் பழையது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் மனம் வைத்த கத்ரி கோபால்நாத், கருவியைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டு, இதழின் அழுத்தத்தாலேயே சுரங்களை வளைத்து அதற்குப் பதில் சொன்னார். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் தமிழகமே அதைக் கேட்டது.

அடுத்த ஆட்சேபம் வலுவானது: ஒருவர் வளைப்பது சரி, பத்துப் பேர் சேர்ந்து வளைத்தால் குழம்பாதா? குழம்பும். நிலைத்து நிற்கும் சுரத்தில் 2 ஹெர்ட்ஸ் பிசகு அழகு. ஓடும் கமகத்தில் ஒருவர் நொடிப்பொழுது பிந்தினாலும் இடைவெளி பல மடங்காகி, ராகத்தின் முகமே கலங்கிவிடும். ஆனால் இருவருக்கு இது கைகூடும் என்பதைத் திருவீழிமிழலை சகோதரர்கள் போன்ற நாதஸ்வர ஜோடிகள் காட்டியிருக்கிறார்கள். 2008இல் ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரியும் 'கின்ஸ்மென்' இசைத்தட்டில் இரண்டு ஆல்டோக்களைத்தான் இணைத்தார்கள். எனவே ராகத்துக்காகப் பெரிய சாக்சபோன் வரிசை அமைப்பவர், கார்வைகளில் பத்துப் பேரையும் நிறுத்தலாம். கமகம் தொடங்கும் இடத்தில், பல வருடம் சேர்ந்து ஊதிய இருவர் மட்டும் முன்வர வேண்டும்.