அடுப்படியில் இருக்கிறது அடுத்த பட்டத்துக்கான யோசனை!

ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கும். கிணறு இருக்கும். மாடும் இருக்கும். ஆனால், மதியம் கொதிக்கிற குழம்பில் கிடக்கும் பருப்பும் புளியும் மிளகாயும் கத்திரிக்காயும் கடையிலிருந்து வந்திருக்கும். இன்றைக்குப் பல விவசாயக் குடும்பங்களின் நிலை இதுதான். வயலில் விளைவது மூட்டையாகி மண்டிக்குப் போகிறது. அடுப்பில் வேகுவது பொட்டலமாகி வீட்டுக்கு வருகிறது. விற்கும்போதும் விலையை அடுத்தவர் சொல்கிறார். வாங்கும்போதும் அடுத்தவர்தான் சொல்கிறார்.

இதில் போவது பணம் மட்டுமல்ல. ‘எதுக்குத்தான் இந்தப் பாடு படுறோம்?’ என்ற சலிப்பும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விளைந்ததைத் தானும் தின்று, பிள்ளைக்கும் கொடுத்து, ‘இது நம்ம காட்டுல விளைஞ்சது’ என்று சொல்லும்போது வருகிற தெம்பு, மண்டிச் சீட்டைப் பார்க்கும்போது வருவதில்லை. விலை கிடைத்த ஆண்டு நிம்மதி, கிடைக்காத ஆண்டு வேதனை என்று மனசு சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. தினமும் காலையில் எழுந்து காட்டுக்குப் போக ஒரு பிடிப்பு வேண்டாமா? அந்தப் பிடிப்பைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வீட்டு அடுப்படியிலும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் நினைவிலும் அது இருக்கிறது.

தட்டில் சேர்ந்தது, வயலிலும் சேர்ந்திருந்தது

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துப் பெரியவர்களிடம் சின்ன வயதுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், முதலில் வரும் பதில் ‘களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்’ என்பதாகத்தான் இருக்கும். அதை வெறும் நாக்கு ருசியாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அது ஒரு பயிர்த் திட்டம்.

மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைக்கும்போது, இடையிடையே அவரை, துவரை, கடுகு என்று சால் விட்டு விதைப்பது அந்தப் பகுதியின் பழைய வழக்கம். கேழ்வரகு முதலில் அறுவடைக்கு வந்துவிடும். பகல் பொழுது குறுகும் பனிக்காலத்தில்தான் அவரை பூத்துக் காய்க்கும். ஆக, கேழ்வரகு குதிருக்குள் போன பிறகு மார்கழி, தையில் குழம்புக்கான காய் தானாக வந்து சேரும். மழை ஏமாற்றி ஒன்று போனாலும், இன்னொன்று கைகொடுக்கும். அவரையும் துவரையும் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைப்பதால் நிலத்துக்கும் லாபம்.

தட்டிலும் இந்தக் கூட்டணிக்குக் காரணம் உண்டு. தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது தாராளம். பயறுகளில் மெத்தியோனைன் குறைவு. தானியங்களில் அது உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு, கம்பஞ்சோற்றுக்குத் தட்டைப்பயற்றுக் குழம்பு என்று நம் வீடுகளில் ஜோடி சேர்த்தவர்கள் அமினோ அமிலத்தைப் பற்றிப் படித்தவர்கள் அல்ல. சமைத்துப் பார்த்து, பிள்ளைகள் வளர்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

எந்த ஊராக இருந்தாலும் இப்படி ஒரு ஜோடி இருக்கும். பேரையூர், விருதுநகர் பக்கம் குதிரைவாலி. அரியலூர், பெரம்பலூர் பக்கம் வரகு. ஜவ்வாது மலையில் சாமை. டெல்டாவில் ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு சமையல். பலகாரத்துக்கு ஒன்று, பழைய சோற்றுக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று. ‘நம்ம வீட்டுல எதுக்கு எது சேர்த்துச் சாப்பிட்டாங்க?’ என்று கேட்டால், அந்த மண்ணுக்கு எது எதோடு சேர்ந்து விளைந்தது என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே கிடைக்கும்.

சமைத்த கைதான் விதையையும் காத்தது

அறுத்த கதிரில் எதை விதைக்கு எடுப்பது, எதை உலைக்கு எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். பூச்சி விழாத, மணி திரண்ட கதிர் தனியாகத் தாழ்வாரத்தில் தொங்கும். பூசணி, சுரை விதைகள் சாணத்தில் பதிந்து சுவரில் ஒட்டியிருக்கும். பயறு விதைகள் அடுப்புச் சாம்பலோடு கலந்து பானைக்குள் போகும். துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். செம்மண் கரைசல் பூசிக் காயவைத்த துவரையில் வண்டு அவ்வளவு எளிதில் இறங்காது. உடைத்துப் பருப்பாக்கினால் ருசியும் தனி.

வீட்டுச் சமையல் மாறியபோது இந்த விதைகளும் சத்தமில்லாமல் போயின. சமைக்காத பயிரை யாரும் விதைப்பதில்லை. விதைக்காத விதை சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய ‘நெல்’ ஜெயராமன், நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை விவசாயிகளிடம் தேடித்தேடிச் சேர்த்தார். 2 கிலோ விதை வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் மறைந்துவிட்டார். அவர் பரப்பிய விதைகள் இன்னும் வயல்களில் நிற்கின்றன. அவர் தேடிப் போனபோது கொடுப்பதற்கு ஒரு பிடி விதை சில வீடுகளில் மிச்சம் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பழசு எல்லாமே இனிப்பு இல்லை

பழைய சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூழ் குடித்தவர்கள் எல்லோரும் சத்துக்காகக் குடிக்கவில்லை. வேறு இல்லாததால் குடித்தார்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்ற காலம் அது. 1966-ம் ஆண்டையொட்டி ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் வந்ததும், ரேஷன் அரிசி கிடைத்ததும் பல வீடுகளில் பசியைத் தீர்த்தன. அதைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, உடலுழைப்பு. வரகுக்கும் குதிரைவாலிக்கும் உமி கெட்டி. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி அரிசியாக்குவதற்குள் தோள்பட்டை இற்றுப் போகும். இந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. கடையில் அரிசி கிடைத்ததும் அவர்கள் உரலை மூலையில் சாய்த்ததில் நியாயம் இருக்கிறது. உமி நீக்கும் சிரமம் இல்லாத கேழ்வரகு மட்டும் கூடுதல் காலம் அடுப்படியில் தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, பாட்டி சமைத்ததை அப்படியே மறுபடி கொண்டுவர வேண்டும் என்பதல்ல பேச்சு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சிறுதானியத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. உமி நீக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பத்து விவசாயிகள் சேர்ந்து, இயந்திரம் இருக்கும் இடத்தில் அரைத்துக்கொண்டால் உரல் வேலை மிச்சம். ஆண்களும் அடுப்படி வேலையில் கை கொடுத்தால்தான் பழைய ருசி பழைய சுமையாகாமல் திரும்பி வரும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுதானியத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

15 நாள், ஒரு நோட்டு

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த ஒரு பழைய நோட்டு போதும்.

முதல் பக்கங்கள் பெரியவர்களுக்கு. சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் பேரனோ பேத்தியோ நோட்டோடு அப்பத்தா பக்கத்தில் உட்காரட்டும். கேட்க வேண்டியவை இவைதான்:

• சின்ன வயசுல எந்த மாசம் என்ன சமைச்சீங்க?
• அதுல எது நம்ம காட்டுல விளைஞ்சது? எந்தத் துண்டு நிலத்துல?
• எதோட எதைச் சேர்த்து விதைச்சீங்க?
• விதையை எதுல, எப்படி வெச்சிருந்தீங்க?
• மழை பொய்ச்ச வருஷம் எதைச் சாப்பிட்டுச் சமாளிச்சீங்க?

கடைசிக் கேள்விக்குத்தான் அதிகப் பதில் வரும். வறட்சியில் எந்தப் பயிர் தாங்கியது, எந்தக் கீரை தானாக முளைத்தது, எந்த மேட்டில் ஈரம் கடைசிவரை நின்றது என்ற தகவல்கள் எந்தப் புத்தகத்திலும் அந்த நிலத்தின் பெயரோடு எழுதப்பட்டிருக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ‘இனிமே நம்மளால என்ன ஆகப்போகுது’ என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போய்க் கேட்பதே அவருக்கு ஒரு மருந்து. கேட்கிற பிள்ளைக்கும், ‘நம்ம நிலத்துக்கு இவ்வளவு கதை இருக்கா?’ என்று புரியும்.

அடுத்த பக்கங்கள் இன்றைய சமையலுக்கு. 15 நாள்களுக்கு, தினமும் இரவில் இரண்டே வரி எழுதினால் போதும். இன்று என்ன சமைத்தோம். அதில் எது நம் நிலத்தில் விளைந்தது, எது காசு கொடுத்து வாங்கியது. வாங்கியதற்கு எதிரே தொகையையும் குறிக்க வேண்டும். யாரையும் குறை சொல்வதற்காக இது எழுதப்படவில்லை; குடும்பம் தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற வேலை. 15-ம் நாள் எல்லோரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். எதற்கு அதிகம் செலவாகிறது என்பது ஒன்று. அதில் எதை நாமே விளைவித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

5 சென்டில் தொடங்கலாம்

‘பணப்பயிருக்கே இடம் பத்தலை’ என்பார்கள். முழு நிலத்தையும் மாற்றச் சொல்லவில்லை. 5 சென்ட் ஒதுக்கினால்கூடப் போதும். அது சுமார் 2,180 சதுர அடி. அதுவும் இல்லாவிட்டால் வரப்பும் வேலியும் இருக்கின்றன.

நோட்டில் அதிகமுறை வந்த ஐந்து பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். துவரையும் தட்டைப்பயறும் வரப்போரத்தில் வரும். அவரை, பாகல், பீர்க்கன், சுரை வேலியில் ஏறும். குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வாழையும், கிணற்றடியில் கறிவேப்பிலையும், வாசலுக்குத் தள்ளி ஒரு முருங்கையும் நிற்கலாம். கத்திரி, மிளகாய், தக்காளியில் ஏழெட்டுச் செடிகள் வீட்டுத் தேவையின் பெரும்பகுதிக்கு ஈடுகொடுக்கும். கீரையை ஒரே நாளில் தூவாமல், 10 நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். இந்தப் பாத்திகளுக்கு ரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டாம். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற இடம் அது.

விதை விஷயத்தில் கவனம் தேவை. பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ பழைய விதை கிடைத்தால் உடனே நிலத்தில் கொட்டிவிட வேண்டாம். 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் எத்தனை முளைக்கிறது என்று எண்ணினால் போதும். பயறு வகைகளில் 75, நெல்லில் 80-க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் விதையளவைக் கூட்டிக்கொள்ளலாம். அரிய ரகமாக இருந்தால், பத்து விதை முளைத்தாலும் அதைத் தனியே வளர்த்துப் பெருக்கலாம். சேமிக்கும்போது ஈரப்பதம் நெல் விதையில் 13 சதவிகிதத்துக்கும், பயறு விதையில் 9 சதவிகிதத்துக்கும் மேல் போகக் கூடாது. கருவி இல்லாதவர்கள் கடித்துப் பார்த்தாலே தெரியும். நன்றாகக் காய்ந்த பயறு பல்லில் ‘டக்’கென்று உடையும்.

விலை விழுந்தால் வற்றல்

கொத்தவரையும் கத்திரியும் பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாள்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் செடியோடு விட்டுவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று தோன்றும். அம்மாக்கள் காலத்தில் மாசி, பங்குனி வெயில் வந்தால் மாடியிலும் களத்திலும் வற்றல் காயும். கொத்தவரை, கத்திரி, சுண்டை, மணத்தக்காளி, மோர் மிளகாய் என்று ஆண்டு முழுவதற்குமான குழம்பு அதில் அடங்கும். விற்காத காயில் ஒரு பகுதியாவது வீட்டுக்குள் வந்து வற்றலானால், மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது அடுப்படி அசராது. செய்நேர்த்தி கைவந்தவர்கள், குழுவாகச் சேர்ந்து உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று விற்பனையும் செய்யலாம். முதலில் வீட்டுக்கு, மிஞ்சினால் சந்தைக்கு.

இதனால் கடன் தீர்ந்துவிடும், வருமானம் இரட்டிப்பாகும் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. பருப்பு, காய், கீரைச் செலவில் ஒரு பகுதி குறையும். வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு விஷயம் கிடைக்கும். வெள்ளாமை சரியில்லாத ஆண்டிலும், வேலியில் ஒரு கை அவரைக்காய் பறிக்க இருக்கும். காலையில் காட்டுக்குப் போகிறவருக்கு அது சின்னத் தெம்பு அல்ல.

ஆடிப்பட்டத்துக்கோ தைப்பட்டத்துக்கோ விதை தேடும் முன், வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘அந்தக் காலத்துல இந்த மாசத்துல என்ன குழம்பு வெச்சீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். விதைக்க வேண்டியவற்றில் முதல் பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.