பென்சில் கரி தந்த சுரங்கம்

பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தாளில் கறுப்பாகப் படிகிறது அல்லவா? அதற்குக் கிராபைட் என்று பெயர். அது பூமியில் கிடைக்கும் ஒரு கனிமம். தொட்டால் வழவழப்பாக இருக்கும்.

வித்துராவுக்குத் தெற்கே வெள்ளநாடு என்ற ஊர் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு வாக்கில் அங்கே கிராபைட் வெட்டி எடுத்தார்கள். அப்போது திருவிதாங்கூரில் மன்னர் ஆட்சி. சுரங்கத்தை நடத்தியது மார்கன் குருசிபிள் கம்பெனி. அது லண்டன் கம்பெனி.

கடல் தாண்டி அவர்கள் ஏன் வந்தார்கள்? பென்சிலுக்காக மட்டும் அல்ல. கிராபைட் கடும் சூட்டிலும் உருகாது. அதைக் களிமண்ணோடு கலந்து மூசை செய்வார்கள். மூசை என்பது உலோகம் உருக்கும் பாத்திரம். தட்டாரிடம் சின்ன மூசை இருக்கும். வார்ப்பு ஆலைக்குப் பெரிய மூசை வேண்டும். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வெண்கலம் ஆக்க அது உதவும்.

சுரங்கம் ஆழமாகப் போகப் போகச் செலவு ஏறியது. 1912இல் வேலை நின்றது.

சுரங்க வேலை நின்றால் ஆட்கள் போய்விடுவார்கள். வெட்டிய குழி தானாக மூடிக்கொள்ளாது. கைவிட்ட சுரங்கம் எந்த ஊரில் இருந்தாலும் ஆபத்துதான். குழியின் வாயைப் புதர் மறைத்திருக்கும். உள்ளே மழைநீர் தேங்கியிருக்கும். முட்டுக் கொடுத்த மரம் உளுத்திருக்கும். மேலே இருக்கும் மண் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

காற்றும் ஆளைக் கொல்லும். ஆழத்தில் மூச்சுவிடத் தேவையான பிராணவாயு குறைந்திருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஆபத்து நிச்சயம். அணையாவிட்டாலும் நம்பி இறங்கக் கூடாது. விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியும்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? பதறிப்போய் அடுத்தவர் இறங்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் இறந்த சம்பவங்கள் பல உண்டு. உடனே தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தைக் கைவிடும் முன் குழியின் வாயை அடைக்க வேண்டும் அல்லது வேலி போட வேண்டும். 1961ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் இதைச் சொல்கின்றன. வெள்ளநாட்டுச் சுரங்கம் நின்றது அதற்கு 49 ஆண்டுகள் முன்னால்.

ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும்தான் இப்படிப்பட்ட குழிகளை முதலில் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். வேலி வரும்வரை முள் வெட்டிப் போடலாம். பிள்ளைகளிடம் இடத்தைச் சொல்லி வைக்கலாம்.

மனு எழுத ஒரு பென்சில் போதும்.