ஹொட் றொட் வண்டியின் முன்சில்லுகள்



பழைய மோட்டார் வண்டியொன்றை மலிவாக வாங்கி, வேண்டாத பாரங்களைக் கழற்றி, இயந்திரத்தின் வலுவைப் பெருக்கி, முன்புறத்தைத் தாழ்த்தி, விரைந்தோடச் செய்யும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே 1930ஆம் ஆண்டுகளில் வேரூன்றியது. மியூறொக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் இவ்வண்டிகளை ஓட்டி வேகம் அளந்தனர். அவ்வோட்டங்களை ஒழுங்குபடுத்த 1937இல் ஒரு சங்கம் தோன்றியது. 1948 ஜனவரியில் ‘ஹொட் றொட்’ என்னும் பெயரிலேயே ஒரு சஞ்சிகையும் வெளிவரலாயிற்று. இன்றும் அந்நாட்டில் இத்தகைய வண்டிகளைக் கட்டுவோர் பல்லாயிரவர்.

இவ்வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தையே புகழ்வர். அடியேன் இன்று பேச எடுத்துக்கொண்டது முன்சில்லுகளை. காரணம் எளிது. இயந்திரம் பழுதானால் வண்டி நின்றுவிடும். முன்புறம் பழுதானால் வண்டி நிற்காது, சாரதி விரும்பாத திசையிலே போகும். கலைப் பட்டதாரியான ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு குற்றத்தை எவ்வாறு முறையாகத் தேடுவது என்பதற்கு இதனிலும் தெளிவான பாடம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

எடுத்துக்காட்டாக 1932ஆம் ஆண்டின் போர்ட் வண்டியைக் கொள்வோம். 65 பரிவலுவுள்ள வி-8 இயந்திரத்துடன் வந்த அவ்வண்டியே ஹொட் றொட் உலகின் தலைமகன். அதன் முன்புற அமைப்பு மாட்டுவண்டியின் அச்சைப் போல எளிமையானது. இரு முன்சில்லுகளையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கின்றது. அச்சின் மேலே குறுக்காக ஒரு பட்டைவில் கிடந்து பாரத்தைத் தாங்குகின்றது. கவண் கொம்பைப் போன்ற கவைத்தண்டு ஒன்று அச்சின் இரு பக்கங்களிலுமிருந்து பின்னோக்கி வந்து, இயந்திரத்தின் பின்னால் ஒரு கோள மூட்டிலே சேர்ந்து, அச்சு முன்பின் அசையாமற் பிடிக்கின்றது. அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தான முளைகள் உள. கிங்பின் எனப்படும் இம்முளைகளைச் சுற்றியே சில்லுகள் திரும்புகின்றன. இரு சில்லுகளையும் ஒருங்கே திரும்பச் செய்வது அவற்றை இணைக்கும் இணைதண்டு. சுக்கான் பெட்டியிலிருந்து வரும் இழுதண்டு அவற்றைத் திருப்புகின்றது.

இனி நோயைப் பார்ப்போம். வண்டி மணிக்கு 40, 45 மைல் வேகத்தை எட்டும்போது, தெருவிலுள்ள சிறு பள்ளமொன்றில் சில்லு பட்டவுடன், முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிகொண்டு உதறத் தொடங்கும். சுக்கான் கையை உதறித் தள்ளும். வேகத்தைக் குறைத்து ஏறத்தாழ நிறுத்தினாலன்றி அடங்காது. இதனை அமெரிக்கர் ‘மரண ஆட்டம்’ என்று பெயரிட்டழைப்பது மிகையன்று. பலர் இதற்குச் செய்யும் சிகிச்சை, இணைதண்டிலே அதிர்வடக்கி ஒன்றைப் பூட்டிவிடுவது. ஆட்டம் அடங்கும். ஆனால் ஆட்டத்துக்குக் காரணமாயிருந்த தேய்வு அடங்காது. சாரதி அறியாமல் மேலும் வளரும். காய்ச்சற்காரனுக்குப் போர்வை போர்த்தி வெப்பமானியை ஒளித்துவைப்பது போன்றதே இது.

முறையாகத் தேடுவோன் கோணமானியை முதலிற் கையில் எடுக்கமாட்டான். முதலில் அவன் தேடுவது தளர்வை. ஜக்கினால் முன்புறத்தை உயர்த்தி, கீழே உறுதியான தாங்கிகளை வைத்து, சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். பிறேக் சில்லைத் தன் தாங்கியோடு ஒன்றாக்கிவிடுகின்றது. ஆகையால், ஆட்டம் மறைந்தால் குற்றம் சில்லின் பெயாரிங்கில். மறையாவிடிற் குற்றம் கிங்பின்னிலோ அதன் புஷ்ஷிலோ. ஒரு காசும் செலவில்லாத இச்சோதனையின் அழகை நான் எப்பொழுதும் வியப்பதுண்டு. பின்னர் வண்டியை நிலத்தில் இறக்கி, ஒருவர் சுக்கானை இப்புறமும் அப்புறமும் சிறிது அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல்களை வைத்துக்கொண்டு செல்லவேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் அம்மூட்டுத் தேய்ந்துள்ளது. சுக்கான் பெட்டி சட்டகத்திற் பூட்டப்பட்ட இடத்தையும் மறத்தலாகாது. தளர்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு கோணங்களை அளப்பது, நெகிழும் நாடாவினாற் காணியை அளப்பதற்கு ஒப்பாகும்.

ரயர்களும் சாட்சி சொல்லும். உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் சாய்வு பிழை. குழிகுழியாகத் தேய்ந்திருந்தாற் சமநிலைக் குறைவோ தளர்வோ உண்டு. எனினும் ஹொட் றொட் வண்டிகள் ஆண்டிற் சில நாட்களே ஓடுவதால், ரயர் தேயுமுன் முதுமையால் இறுகிவிடுவதே பெரும்பான்மை. இச்சாட்சியை அளவோடு நம்புக.

அடுத்து, அச்சு வண்டிக்கு நேராக உள்ளதா என்று காணவேண்டும். ஒவ்வொரு கிங்பின்னின் நடுவிலிருந்தும், பின்னச்சின் இரு பக்கங்களிலுள்ள ஒத்த புள்ளிகளிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி நிலத்திற் சோக்கினாற் குறியிட்டு, இரு பக்க நீளங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்தாற் போதும்.

இப்பொழுதுதான் கோணங்களுக்கு வருகின்றோம். அவற்றுள் முதன்மையானது காஸ்ரர். துவிச்சக்கர வண்டியின் முன்கவையைப் பாருங்கள். அது பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. அச்சாய்வுக் கோட்டை நிலம்வரை நீட்டினால், அது ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கு முன்னே விழும். ஆகவே ரயர் அக்கோட்டின் பின்னால் இழுபட்டு வருகின்றது. இழுபடுவது தானாக நேராகும். துவிச்சக்கர வண்டியைக் கைவிட்டு ஓட்ட முடிவதில் இதற்கும் பங்குண்டு. மோட்டார் வண்டியில் கிங்பின்னின் மேல்முனையைப் பின்னோக்கிச் சாய்ப்பதனால் இதே பயன் கிடைக்கின்றது. நேரச்சுள்ள ஹொட் றொட்டுக்கு 5 முதல் 7 பாகை வரை பொருந்தும் என்பது அனுபவசாலிகளின் கருத்து. குறைந்தால் வண்டி அலையும். மிகுந்தால் நல்லதுதானே என எண்ணற்க. சுக்கான் கனக்கும், மேற்கூறிய உதறலும் அதனால் வரலாம்.

இங்கேதான் இவ்விடயத்தின் உயிர்நிலை இருக்கின்றது. அவ்வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 106 அங்குலம். அழகுக்காக வளைத்துத் தாழ்த்திய அச்சொன்றைப் பூட்டி முன்புறத்தை 3 அங்குலம் இறக்கினால், வண்டி முழுவதும் ஏறத்தாழ 1½ பாகை முன்னோக்கிக் கவிழ்கின்றது. பின்னாலே பெரிய ரயர்களைப் பூட்டி 2 அங்குலம் உயர்த்தினால் இன்னும் ஒரு பாகை. வண்டியோடு கிங்பின்னும் கவிழ்ந்துவிடுகின்றது. ஆக, காஸ்ரரை ஒருவரும் தொடாமலேயே 2½ பாகைக்கு மேல், அதாவது இருந்ததிற் பாதியளவு, மறைந்துபோகின்றது. உரிமையாளரோ, நான் முன்புற அமைப்பில் வேறொன்றையும் மாற்றவில்லையே என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆகையால், வண்டி என்ன செய்கின்றது என்று கேட்பதற்கு முன்னர், வண்டிக்குக் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பவனே நல்ல திருத்துநன்.

காஸ்ரரைத் திருத்தும்போது வண்டி தன் சில்லுகளின்மேல், தன் முழுப் பாரத்தோடும் சமதரையில் நிற்கவேண்டும். கவைத்தண்டுள்ள வண்டியில் அதன் பின்மூட்டை இறக்கினாற் காஸ்ரர் கூடும். கவைத்தண்டின் நீளம் 40 அங்குலமாயின் ஓர் அங்குல இறக்கத்துக்கு ஏறத்தாழ 1½ பாகை. புதுமுறையான நான்கு தண்டு அமைப்பில், தண்டுகளின் மரைமுனைகளைச் சுழற்றினாற் போதும். இரு பக்கமும் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். அன்றேற் குறைந்த பக்கம் நோக்கி வண்டி இழுக்கும்.

கேம்பர் எனப்படும் சில்லின் பக்கச் சாய்வு நேரச்சிலே திருகித் திருத்தக் கூடியதன்று. பிழையாயின் அச்சு வளைந்துள்ளது என்பதே பொருள். அதனைக் குளிர்நிலையில், அழுத்தியந்திரத்தில் வைத்து நிமிர்த்துவது தேர்ந்தவர் தொழில்.

கடைசியாக, சில்லுகளின் உள்நோக்கு. ஓடும்போது தரையின் தடை சில்லுகளின் முன்புறத்தை வெளியே தள்ளும். ஆதலால் நிற்கும்போது அவை முன்னே சற்று நெருங்கியிருக்க வேண்டும். சில்லை உயர்த்திச் சுழற்றி, ரயரின் நடுவே ஓர் ஆணியாற் சுற்றிவரக் கோடு கீறுக. வண்டியை இறக்கிச் சில அடி முன்னே உருட்டி நிறுத்துக. ஒருவர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் நாடாவைப் பிடித்து, அச்சின் உயரத்தில், கோடுகளின் இடைவெளியை முன்னேயும் பின்னேயும் அளந்தால், முன்னளவு 1/16 முதல் 1/8 அங்குலம் வரை குறைந்திருத்தல் வேண்டும். இணைதண்டைச் சுழற்றி இதனைப் பெறலாம். காஸ்ரரை மாற்றியபின் இவ்வளவு மாறக்கூடும் என்பதாலேயே இதனை இறுதியில் வைத்தேன்.

அளவுகள் யாவும் சரியாயிருந்தும், மேடு பள்ளத்தில் ஏறும்போது சுக்கான் தானாகத் திரும்பினால், குற்றம் கோணத்தில் இல்லை. அச்சு மேலெழும்போது ஒரு வில்வரையிலும், இழுதண்டு வேறொரு வில்வரையிலும் அசைகின்றன என்று அறிக. இழுதண்டு குறுக்கே செல்லும் வண்டியில், குறுக்குப் பட்டைவில்லின் தொங்கணைகள் அச்சைப் பக்கவாட்டில் ஊசலாடவும் விடுகின்றன. சட்டகத்தையும் அச்சையும் இணைக்கும் குறுக்குத்தண்டு ஒன்றை, இழுதண்டுக்குச் சமாந்தரமாக, ஏறத்தாழ அதே நீளத்தில் இட்டால் இது தீரும். புதிய இயந்திரத்துக்கு இடம்செய்யக் கவைத்தண்டை இரண்டாகப் பிளந்து சட்டகத்தின் இரு பக்கங்களிலும் பூட்டுவோர் உளர். அவ்வமைப்பில் ஒரு சில்லு மட்டும் எழும்போது அச்சே முறுகவேண்டியுள்ளது. பழைய போர்ட்டின் உருக்கச்சு அம்முறுக்கைப் பொறுக்கும். குழாயச்சோ பொறுக்காது, காலப்போக்கில் ஏதேனும் ஓரிடத்தில் வெடிப்பு விடும்.

சுக்கான் கைகளைச் சூடாக்கி வளைப்பதுபற்றியும் ஒரு வார்த்தை. தாழ்த்திய அச்சுக்கு ஏற்ப அவற்றை வளைக்க நேருவதுண்டு. செந்நிறம் வரும்வரை காய்ச்சி வளைத்தபின் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. அமிழ்த்தினால் உருக்கு கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும். தானாக ஆறவிட்டு, வெடிப்பு உண்டோ என்று தேர்ந்தவரைக் கொண்டு சோதித்தபின்பே பூட்டவேண்டும். முடிவில் எல்லாப் பூட்டுச் சுரைகளையும் இறுக்கி, பிளவாணிகள் இருப்பிடத்தில் உள்ளனவா என்று வேறொருவரைக் கொண்டு பார்ப்பித்து, ஆளரவமற்ற தெருவிலே 20 மைல் வேகத்திற் தொடங்கிப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கலாம். புதிய பட்டைவில் சில நூறு மைல்களில் அமர்ந்துவிடும். அமர்ந்தபின் அளவுகளை மீண்டும் ஒருமுறை எடுத்தல் வேண்டும்.